தங்கையின் முகம், கணவரின் விரல்

"இந்தப் போனைத் திறக்க உலகத்துலயே மூணு பேராலதான் முடியும்" என்று சொல்லி, அந்தப் பெண்மணி தன் கைப்பேசியை எங்கள் துப்பறியும் அலுவலக மேஜைமேல் வைத்தார். "நான், என் தங்கச்சி, என் வீட்டுக்காரர். நான் திறக்கல. மீதி ரெண்டு பேர்ல யாருன்னு அஞ்சு மணிக்குள்ள எனக்குத் தெரியணும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. என் முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரை ஊரே ஊசி மேடம் என்றுதான் கூப்பிடும். ஆளும் ஒல்லி, கேள்வியும் குத்தும். எனக்குப் பெயர் வால். பதினோரு வருடமாக அவர் பின்னாலேயே சுற்றுவதால் வந்த பெயர் என்று நான் சொல்வேன். சும்மா இருக்காமல் ஆடிக்கொண்டே இருப்பதால் வந்தது என்று அவர் சொல்வார். ஒருமுறை பத்திரிகையில் எங்கள் படம் வந்தது. அதில் அவர் முழுசாக இருந்தார், என்னுடைய இடது காது மட்டும் இருந்தது. அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். தினமும் அதைத் துடைப்பது என் வேலை. ஆகவே பொறாமையைப் பற்றி நான் ஏதாவது சொன்னால், அனுபவஸ்தன் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர் டப்பிங் கலைஞர். குரலை எங்கேயோ கேட்டது போல் இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. அதுதான் அவருடைய குறையும். இருபது வருடமாகத் திரையில் யார் யாருக்கோ குரல் கொடுத்திருக்கிறார். கதாநாயகியின் தோழி, கடைக்காரப் பெண், வழி சொல்லும் பெண், தொட்டிலில் அழும் குழந்தைகூட. கதாநாயகிக்கு மட்டும் கொடுத்ததில்லை. நாற்பத்தொரு வயதில், போன வாரம்தான் அது வந்தது: பெரிய படம் ஒன்றில் ராணியின் பாத்திரம். மனத்துக்குள் நான் அவருக்குக் குரலம்மா என்று பெயர் வைத்துவிட்டேன்.

நடந்ததை அவர் கோர்வையாகச் சொன்னார். நேற்று காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை ஸ்டூடியோவில் வேறொரு படத்துக்குப் பேசிக்கொண்டிருந்தாராம். பன்னிரண்டு பத்துக்கு, ராணிப் படத்தின் டைரக்டருக்கு இவருடைய போனிலிருந்து ஒரு செய்தி போயிருக்கிறது. இந்தப் பாத்திரம் எனக்கு ஒத்துவராது சார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரி. அனுப்பிய கையோடு செய்தியை இந்தப் பக்கத்தில் அழித்து, டைரக்டரின் எண்ணையும் முடக்கியிருக்கிறார்கள். அவர் திருப்பிக் கூப்பிட்டபோது இங்கே மணியே அடிக்கவில்லை. அடுத்து அவர் கூப்பிட்டது தங்கையை. தங்கையும் அதே தொழில்தான், குரலும் கிட்டத்தட்ட அதே குரல். அவள் சரி என்றுவிட்டாள்.

இன்று காலை விஷயம் காதில் விழுந்ததும் குரலம்மா டைரக்டரிடம் ஓடியிருக்கிறார். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ கோபத்தில் வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டு, மறுநாளே வேண்டும் என்று போய் நின்றவர் இவர். அதனால் டைரக்டர் நம்பத் தயாராக இல்லை. நீங்கள் அனுப்பவில்லையென்றால் அனுப்பிய ஆளைப் பேசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஐந்து மணிக்குத் தங்கையிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"தங்கச்சியால எப்படித் திறக்க முடியும்?" என்று கேட்டார் ஊசி மேடம்.

தங்கை இவரைவிட எட்டு வயது இளையவள். ஆனால் ஒரே அச்சு. மூன்று வருடத்துக்கு முன் இந்தப் போனை வாங்கிய புதிதில் அவள் விளையாட்டாக எடுத்து முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறாள். திறந்துகொண்டது. வீடே சிரித்ததாம், இவர் சிரிக்கவில்லையாம். அதற்கு அடுத்த வாரம் கணவர் தன் விரலையும் அதில் பதிந்துகொண்டார். முகத்தைக் காட்ட மச்சினிச்சிக்கு உரிமை இருக்கும்போது எனக்கு ஒரு விரல் அளவுகூட இல்லையா என்று கேட்டாராம். ஆக, முகம் தங்கையுடையது, விரல் கணவருடையது. இரண்டு பேருமே நேற்று அந்த நேரத்தில் ஸ்டூடியோவில் இருந்திருக்கிறார்கள்.

"நேத்து சாயங்காலம் அவர் வேற சண்டை போட்டார், மேடம். அவரோட விரலை எதுக்குப் போன்லேர்ந்து எடுத்தேன்னு. நான் எடுக்கவே இல்ல. அவர் முன்னாடியே பட்டியலைத் திறந்து காட்டினேன், ரெண்டு விரலும் இருந்துச்சு. வச்சுப் பாருங்கன்னேன். வச்சார், திறந்துச்சு."

ஊசி மேடத்தின் வலது புருவம் லேசாக ஏறியது. அது ஏறினால் அவருக்கு ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, வழக்கம்போல எரிச்சல் மட்டும் வந்தது.

மூன்று மணிக்குக் குரலம்மாவோடு ஸ்டூடியோவில் இருந்தோம். குறுகலான வரவேற்பறை, ஒரு நீள மேஜை, அதற்குப் பின்னால் சுவரில் எண் போட்ட சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு மர அலமாரி. கேமரா கிடையாது, நான் முதலில் அதைத்தான் பார்த்தேன். மேஜையில் இருந்த நிர்வாகியை எல்லோரும் வெந்நீர் அக்கா என்று கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர், எட்டு வருடமாக அங்கே இருக்கிறார். யாருக்குத் தொண்டை கட்டினாலும் கேட்பதற்கு முன்பே பிளாஸ்க்கைத் திறந்துவிடுவாராம். எங்களைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, போனை அணைத்துக் கொடுங்கள் என்பதுதான்.

சத்தத்தைக் குறைத்து வைத்தால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். உயிரோடு இருக்கிற போன் எதுவும் உள்ளே போகக்கூடாது, மைக்கில் கிர்ரென்று இழுக்கும். ஒருத்தர் மறந்துபோய் எடுத்துப் போனதில் அரைநாள் வேலை வீணாகியிருக்கிறது. அதனால் யாராக இருந்தாலும் இந்த மேஜையில் நின்று அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வெளியே வந்ததும் இதே மேஜையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். நான் என் போனுக்கு விடை கொடுத்தேன். அது பதிமூன்றாம் கட்டத்துக்குப் போனது.

தங்கை இரண்டாவது பதிவறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அக்காவை எட்டு வருடம் பின்னால் தள்ளி உட்கார வைத்தது போல் இருந்தாள். ஊசி மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"டைரக்டர் கூப்பிட்டாரு. அக்கா வேணாம்னுட்டா, நீ பண்றியான்னு கேட்டாரு. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல" என்றாள் அவள்.

"அக்காவை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு. அதான் கேக்கல."

இப்படி ஒரு பதிலை என்னால் ஜென்மத்துக்கும் சொல்ல முடியாது. பொய் சொல்லியே பழகிவிட்டேன். அவள் அதோடு நிற்கவில்லை. சின்ன வயதிலிருந்து அக்கா போட்ட சட்டை, அக்கா கிழித்த புத்தகம், இப்போது அக்காவுக்கு ஒத்துவராத குரல் வேலை என்று எல்லாமே தனக்கு இரண்டாம் கையாகத்தான் வந்திருக்கிறது என்றாள். ராணி மட்டும்தான் யாரும் தொடாமல் வந்தது என்று நினைத்தாளாம்.

"உங்க முகத்துக்கு அந்தப் போன் திறக்குமே" என்றேன் நான்.

"திறக்கும். ஒரு போனுக்குக்கூட நான் தனி ஆளாத் தெரியல, அதுக்கு என்ன பண்றது? நேத்து நான் அதைத் தொடல. தொட்டிருப்பேனான்னு கேட்டா தெரியாது. யாரோ எனக்கு முன்னாடியே செஞ்சுட்டாங்க."

வெளியே வந்தோம். வெந்நீர் அக்கா போன்களைத் திருப்பிக் கொடுத்தார். நான் என்னுடையதை உயிர்ப்பித்து, தலையைக் கோதி, முகத்துக்கு நேரே பிடித்தேன். திறக்கவில்லை. சிரித்துப் பார்த்தேன், முறைத்துப் பார்த்தேன். கட்டைவிரலை வைத்தேன். அதற்கும் மசியவில்லை. எண்ணைப் போடு என்று நான்கு புள்ளிகளைக் காட்டிக்கொண்டு நின்றது.

"மேடம், என் மூஞ்சியை இதுவும் மறந்துடுச்சு" என்றேன்.

அவரோ தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலும் அதே நான்கு புள்ளிகள். அவர் போனை அணைத்தே நான் பார்த்ததில்லை, இரவிலும் தலைமாட்டில் எரிந்துகொண்டிருக்கும். மெதுவாகத் திரும்பி, குரலம்மாவை உடனே கணவரை வரச்சொல்லச் சொன்னார். தங்கையையும் வெளியே கூப்பிடச் சொன்னார்.

கணவர் நாலு மணிக்கு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நேற்று மனைவி மறந்துவிட்டுப் போன படிக்கிற கண்ணாடியைக் கொடுக்கத்தான் ஸ்டூடியோவுக்கு வந்தாராம். எவ்வளவு நேரம் இருந்தார் என்று மேடம் கேட்டார். அரைமணி என்றார். ஒரு கண்ணாடியைக் கொடுக்க அரைமணியா என்று நான் கேட்டேன். அவர் காது சிவந்தது.

"நேத்து வெந்நீர் அக்கா மேஜையை விட்டு உள்ள போயிருந்த நேரத்துல, நீங்க அலமாரிலேர்ந்து உங்க வீட்டம்மா போனை எடுத்தீங்க. ஆன் பண்ணி விரலை வச்சீங்க. திறக்கல. உங்க விரலை எடுத்துட்டாங்கன்னு நினைச்சு வீட்ல போய்க் கத்துனீங்க. சரியா?" என்றார் ஊசி மேடம்.

கணவர் குரலம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி பேசினார். "அந்த டைரக்டர் இவளுக்கு வாய்ஸ் அனுப்புறாரு, மேடம். பிரமாதம், பிரமாதம்னு. இவ அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கறா. இருபது வருஷத்துல நான் ஒரு தடவ பிரமாதம்னு சொல்லிருக்கேனான்னு யோசிச்சேன். சொன்னதில்ல. அதுக்கு அந்தாளு மேலதான் கோவம் வந்துச்சு. நேத்து என்ன அனுப்பிருக்காருன்னு பாக்கத்தான் எடுத்தேன். ஆனா திறக்கல. சத்தியமா திறக்கல."

"தெரியும். உங்களாலயும் திறந்திருக்க முடியாது, உங்க மச்சினிச்சியாலயும் முடியாது."

சொல்லிவிட்டு, குரலம்மாவின் போனை வாங்கி அணைத்தார். பிறகு உயிர்ப்பித்துத் தங்கையிடம் நீட்டினார். அவள் முகத்தைக் காட்டினாள். நான்கு புள்ளிகள். கணவர் விரலை வைத்தார். அதே நான்கு புள்ளிகள். ஒருமுறை அணைந்து எழுந்த போன், முதலில் எண்ணைப் போடும் வரைக்கும் யார் முகத்தையும் மதிக்காது, யார் விரலையும் மதிக்காது. முகமா விரலா என்று நாங்கள் இரண்டு மணி நேரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். இரண்டுமே இல்லை.

"ஐயோ, நான்தானே தினம் இங்க நின்னு நம்பர் போடறேன்" என்று குரலம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். கை ஒரு நாளைக்கு நாலு தடவை செய்கிற வேலை தலைக்கு எட்டவே இல்லை. சந்தேகப்பட வீட்டிலேயே இரண்டு ஆள் தயாராக இருந்தால் யாருக்கு யோசிக்கத் தோன்றும்?

எண்ணை யாருக்காவது சொல்லியிருக்கிறாரா என்று மேடம் கேட்டார். ஒருவருக்கும் இல்லை. கணவர் சும்மா இருக்கவில்லை, நம் கல்யாண நாள்தானே என்றார். குரலம்மா இல்லை என்று தலையசைத்தார். தங்கை, அம்மாவின் பிறந்தநாள் என்றாள். அதுவும் இல்லை. இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி வாடியது. பிறகு யாருடைய தேதி என்று கணவர் கேட்ட விதத்தில், இந்த வழக்கு முடிந்ததும் அடுத்த வழக்குக்கு எங்களிடமே வருவார் என்று பட்டது.

குரலம்மாவை நாங்கள் நடைபாதையின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஒன்று ஒன்று நாலு ஆறு என்று அவர் காதோடு சொன்னார். யாருடைய தேதியும் இல்லை. இருபது வருடத்துக்கு முன் புதுக் குரலுக்கு ஆள் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் வரிசை. எல்லோருக்கும் பேச ஒரே ஒரு வரி கொடுத்திருந்தார்கள். இவருடைய டோக்கன் 1146. இவர் பேசி முடித்ததும், ஆள் கிடைத்தாச்சு, மற்றவர்கள் கிளம்பலாம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வாழ்க்கையில் தான் ஜெயித்த ஒரே நாள் அதுதான் என்றார் குரலம்மா.

"இந்த ஊர்ல யாரும் ஒரு நாளைக்கு நாலு தடவ போனுக்கு நம்பர் போடறதில்ல" என்றார் ஊசி மேடம். "இந்தக் கட்டடத்துல மட்டும்தான் போடறாங்க. அதுவும் ஒரே மேஜைல நின்னு. எதிர்ல உக்காந்திருக்கறது ஒரே ஆள்."

"அக்காவா? சும்மா இருங்க, மேடம். எனக்கு இருமல் வந்தா அவங்க தூங்க மாட்டாங்க."

மேடம் சிக்கிக்கொண்ட இடம் அதுதான். பார்த்திருக்கலாம், சரி. பார்த்தவர் எதற்காகச் செய்ய வேண்டும்? அந்த அக்காவுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. யோசிக்க நேரமும் இல்லை, மணி நாலு இருபத்தைந்து.

அப்போதுதான் எனக்கு என் சகலையின் ஞாபகம் வந்தது. போன வருடம் அவன் கார் வாங்கினான். அந்தக் காரின் எண் எனக்குத் தலைகீழாகத் தெரியும். என் ஸ்கூட்டரின் எண்ணை இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எரிகிற வயிறு எதையும் மறக்காது, மேடம் என்றேன். அடுத்தவன் ஜெயித்த நம்பரை, ஜெயித்தவனுக்கு அடுத்தபடியாக யார் ஞாபகம் வைத்திருப்பான்?

ஊசி மேடம் என்னைப் பார்த்தார். பிறகு குரலம்மாவிடம், அன்றைக்கு வரிசையில் உங்களுக்குப் பின்னால் நின்றது யார் என்று கேட்டார்.

"யாரோ ஒரு பொண்ணு. மூஞ்சி ஞாபகமே இல்லயே."

இது எனக்குத் தோன்றவில்லையே என்று மேடம் முணுமுணுத்தார். பதினோரு வருடத்தில் அவர் என்மேல் பொறாமைப்பட்டது அந்த ஒரு கணம்தான். அந்தச் சந்தோஷத்தில் மிச்ச வேலையை என்னிடம் விடச் சொல்லிக் கேட்டேன். விட்டுவிட்டார்.

வரவேற்பறையில் நான் ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெந்நீர் அக்கா ஏதோ பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல், கணவரையும் தங்கையையும் பார்த்துக் கதை சொல்லத் தொடங்கினேன்.

"அது யாரோட தேதியும் இல்லங்க, பயப்படாதீங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி அம்மா ஒரு குரல் தேர்வுக்குப் போனாங்க. அன்னிக்கு டோக்கன் நம்பர் அது. ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு. முன்னாடி நின்ன நாப்பத்தாறு உள்ள போய்ப் பேசுச்சு, சுமார். அப்புறம் நாப்பத்தேழு போச்சு. அந்தக் குரலைக் கேட்டதும் கதவைச் சாத்திட்டாங்களாம்."

குரலம்மா திருத்துவதற்கு வாயைத் திறந்தார். ஊசி மேடம் அவர் காலை மிதித்தார்.

"நாப்பத்தேழு இல்ல" என்றது மேஜைப் பக்கமிருந்து ஒரு குரல்.

நான் திரும்பவே இல்லை. "அட, ஒண்ணு முன்ன பின்ன இருந்தா என்னக்கா. நாப்பத்தேழுதான் ஜெயிச்சுது."

"நாப்பத்தேழு உள்ள போகவே இல்ல. கதவுல வச்ச கையை எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துச்சு." அக்காவின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அவங்க நாப்பத்தாறு. நாப்பத்தேழு நான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அந்த நம்பரை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டு இனி எதை மறைப்பது? பதிவேட்டை மூடி வைத்தார். ஓடப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. அந்தச் செய்தியை அனுப்பியது நீங்கள்தானா என்று ஊசி மேடம் கேட்டபோது ஆமாம் என்றார்.

எட்டு வருடத்துக்கு முன் இந்த மேஜைக்கு வேலைக்கு வந்த முதல் நாளே 1146-ஐ அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டதாம். பேசும் ஆசையை விட்டாலும் ஸ்டூடியோவின் வாசலை விட மனம் வராமல் வந்த வேலை. இவர் வணக்கம் சொன்னார், குரலம்மா போனை அணைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பிறகு இந்தப் போன் வந்தது. முதல் நாள் அதில் அந்த நான்கு எண்களை அழுத்துவதைப் பார்த்த இரவு தூங்கவில்லை என்றார்.

"நேத்து அலமாரில உங்க போன் வெளிச்சமா இருந்துச்சு" என்று அவர் குரலம்மாவிடம் சொன்னார். "அணைக்கலாம்னுதான் எடுத்தேன். நம்பர் கேட்டுச்சு. மூணு வருஷமாப் பாத்துப் பாத்து என் விரலுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ராணி கிடைச்சிருக்குன்னு நேத்துக் காலைலதான் எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தீங்க. எனக்கும் குடுத்தீங்க. அப்ப வாயில அது இன்னும் கரையல."

கணவர் இருந்த இடத்திலேயே சுருங்கிப்போனார். அவர் அணைக்காமல் வைத்த போனின் வெளிச்சத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

"அது நீங்கதானா? எனக்கு ஞாபகமே இல்லியேக்கா" என்றார் குரலம்மா.

"தெரியும். எப்பவாவது ஞாபகம் வரும்னு எட்டு வருஷமாப் பாத்தேன்."

மணி நாலு முப்பத்தெட்டு. ஊசி மேடம் மேஜைமேல் இருந்த ஸ்டூடியோ தொலைபேசியை அக்காவின் பக்கம் நகர்த்தினார். அக்கா தானே எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, டைரக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். தன் பெயர், தன் வேலை, செய்தியை எந்த நேரத்தில் எந்த இடத்தில் நின்று அனுப்பினார் என்பது, ஏன் என்பது. சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டைரக்டர், ராணி அவங்களுக்கே, ஒப்பந்தத்தை மாத்தி எழுதச் சொல்லிட்டு வரேன், லைன்ல இருங்க என்றார்.

தங்கை எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகவில்லை, கதவருகே நின்றாள். குரலம்மாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. கணவர் அவருடைய தோளைத் தொட்டார், குரலம்மா தட்டிவிடவில்லை. ஜெயித்தவர்களுக்கு வரும் தாராளம் அவருக்கும் வந்தது. அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உள்ள போயிருந்தா எப்படிப் பேசியிருப்பீங்க?" என்று கேட்டார். "அந்த வரி ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்காதா என்ன. அக்கா எழுந்து நிற்கவில்லை, தொண்டையைச் செருமவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"விளக்கை அணைச்சிட்டு நீ போ. நான் இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்."

எனக்கு அதை எழுதிக் காட்டத் தெரியவில்லை. யாரோ ஒருவர் இனி வரப்போவதே இல்லை என்பது அந்த ஒரு வரிக்குள் இருந்தது. அதைச் சொல்பவளுக்கு அது தெரியும் என்பதும், விளக்கை அணைக்கிறவளுக்குத் தெரியக்கூடாது என்று அவள் நினைப்பதும் இருந்தது. தங்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊசி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் குரலம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்திலிருந்த தாராளம் வடிந்து, அந்த இடத்துக்கு நான் நன்றாக அறிந்த ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

"யாரது?" என்றது தொலைபேசி. டைரக்டர் எப்போது திரும்பி வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. "இப்ப யாரு பேசினது?"

குரலம்மா தொலைபேசியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"ஹலோ, அந்த வரியைப் பேசினது யாருங்க? எனக்கு அந்தக் குரல் வேணும்."

எனக்கு நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஊசி மேடம் வெந்நீர் அக்காவைப் பார்த்தார். அக்கா வேண்டாம் என்பதுபோல் ஒருமுறை தலையசைத்துவிட்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"நான்தான், சார்" என்றார் குரலம்மா.